அலமாரியில் பூட்டிய மெழுகு

புளிக்குழம்பு கன்னத்தின் உட்புறத்தில் பட்டதும் எழுந்த எரிச்சல் இன்னும் நினைவில் இருக்கிறது. முதலில் புளிப்பு, பிறகு உப்பு, அதற்கும் அடியில் துருவைப் போன்ற ஒரு சுவை. அது கம்பியின் சுவையா ரத்தத்தின் சுவையா என்று எனக்குக் கடைசிவரை பிரித்தறியத் தெரியவில்லை. தட்டில் பாதிச் சோறு மிச்சமிருக்க, பின்னால் தட்டோடு நின்றவள் "எந்திரிடி, எடம் வேணும்" என்று முழங்கையால் இடிக்க, விழுங்குவதா துப்புவதா என்று தெரியாமல் வாயை மூடியபடி நான் உட்கார்ந்திருந்தேன். பெரம்பலூரில் விடுதியோடு சேர்ந்த ஒரு தனியார் பள்ளியில் அப்போது பதினொன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். என் பற்களில் 'கிளிப்' மாட்டிப் பல மாதங்கள் ஆகியிருந்தன.

கிளிப் எதற்காக மாட்டப்பட்டது என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அந்தப் பள்ளியில் ஒருவரும் அதைக் கேட்கவில்லை. என் கீழ்வரிசை முன்பற்கள் மேலண்ணத்தில் போய் இடித்துக்கொண்டிருந்தன. மென்று சாப்பிடும்போதெல்லாம் அண்ணம் கீறி, ஆறுவதற்குள் மறுபடி கீறும். அரியலூரில் பல் டாக்டரம்மா என் வாய்க்குள் விளக்கைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது அழகுக்குப் போடறது இல்லங்க. இப்படியே விட்டா மேல புண்ணு ஆறவே ஆறாது, பல்லும் தேஞ்சிரும்" என்றார். அம்மா அதை இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். மீன்சுருட்டியில் எங்கள் தெருவில் அவருக்கு அது தேவைப்பட்டது. "என்ன, பொண்ணுக்கு இப்பவே மாப்ள பாக்க ஆரம்பிச்சாச்சா?" என்று குழாயடியில் கேட்டவர்களிடம், டாக்டரம்மாவின் வாக்கியத்தை ஒரு சொல் மாறாமல் ஒப்பித்தார்.

கிளிப்பைப் பராமரிப்பது, வீட்டிலேயே ரவிக்கை தைத்துக்கொடுத்த அம்மாவுக்கு, தையலைப் போல இன்னொரு வேலையாகிவிட்டது. ரவிக்கைத் துணி மிச்சத்தில் ஜிப் வைத்து எனக்கு ஒரு பை தைத்தார். அதில் மென்மையான பிரஷ் ஒன்று, பால் பாட்டில் கழுவும் பிரஷ்ஷைக் குச்சி அளவுக்குச் சுருக்கியதைப் போன்ற இன்னொன்று, கம்பிக்கும் பல்லுக்கும் நடுவே சிக்கியதை எடுக்க. பிறகு ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் வெள்ளை மெழுகு. கம்பி எங்காவது குத்தினால் மெழுகில் ஒரு துளி கிள்ளி, விரல் சூட்டில் உருட்டி, குத்துகிற இடத்தில் அப்பிக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான், கன்னம் தப்பித்துவிடும். டாக்டரம்மா கம்பியை 'டைட்' பண்ணி அனுப்பும் நாட்களில், பல்லால் கடிக்கவே முடியாது. மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொட்டாலே கண்ணில் நீர் வரும். அப்போதெல்லாம் குழைய வடித்த சோறு, பருப்பு, பாலில் ஊறவைத்த இடியாப்பம். பொங்கலுக்குத் திருமானூர்ச் சித்தப்பா கரும்புக்கட்டைக் கொண்டுவந்து இறக்கியபோது, அம்மா ஒரு கழியைத் தனியே எடுத்துப்போய், ஜூஸ் கடைக்காரரிடம் கொடுத்துப் பிழிந்து வாங்கிவந்தார். சித்தப்பா மகன்களைக் காட்டி, "நீ குடி, அவனுவ கடிக்கட்டும்" என்றார். எனக்கு அந்த ஆண்டு கரும்பு கிடைக்கவில்லை என்ற குறையே இல்லை.

இந்தப் பையோடுதான் விடுதிக்குப் போனேன். சேர்ந்த வாரமே 'செக்கிங்' வந்தது. விடுதியைப் பார்த்துக்கொண்ட மேடத்தின் அறையில் கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி ஒன்று உண்டு. நகப்பூச்சு, கண்மை, ஸ்டிக்கர் பொட்டு, முகத்துக்குப் பூசும் கிரீம், யாரோ ஒருத்தியின் வெள்ளிக் கொலுசு என்று பிடிபட்டவையெல்லாம் அதற்குள் வரிசையாக நிற்கும், எல்லாரும் பார்க்கும்படி. மேடம் என் டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்த்தார்.

"என்ன இது, ஒதட்டுக்குப் பூசறதா?"

"மெழுகு மேம். கம்பி குத்துனா ஒட்டிக்கிறது."

"படிக்க வந்த புள்ளைக்கு எதுக்கு இந்த அழகு சாமானெல்லாம்? ஊருக்குப் போவும்போது வாங்கிக்க."

சின்ன பிரஷ்ஷைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். "இத வெச்சு யாரக் குத்தப் போற?" என்றதும் வரிசையில் சிரிப்பு. அதுவும் அலமாரிக்குப் போனது. அம்மா தைத்த பையும், வழக்கமான பிரஷ்ஷும் மட்டும் என்னிடம் திரும்பின. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு குழாயடியில் நின்று அந்த பிரஷ்ஷால் தேய்த்ததற்கும், "பட்டப்பகல்ல பல்லு வெளக்குறவள இங்கதான் பாக்குறேன்" என்று விரட்டினார்கள். சோற்றுப் பருக்கையும் கீரை நாரும் கம்பியில் சிக்கியபடியே நான் கணக்கு வகுப்பில் உட்கார்ந்திருந்தேன். என் பெயர் தேன்மொழி. அங்கே எல்லாருக்கும் நான் 'கம்பி'.

கிளிப் வேலை செய்யச் செய்ய, பற்கள் நகர்ந்து இடைவெளி மூடும். அப்போது கம்பியில் கொஞ்சம் மிச்சம் விழுந்து, கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால் முனை நீட்டும். இதில் யாருடைய தவறும் இல்லை. சிகிச்சை ஒழுங்காக நடக்கிறது என்பதற்கே அதுதான் அடையாளம். ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில் என் கம்பியும் அப்படி நீட்டியது. பேசினால் குத்தியது, கொட்டாவி விட்டால் கிழித்தது. டாக்டரிடம் போனால் நிமிடத்தில் வெட்டிவிடுவார். அதற்கு 'அவுட்பாஸ்' வேண்டும். முதல்வரிடம் போய் நின்றேன்.

"மன்த்லி டெஸ்ட் நடக்குது. முடியட்டும், பாக்கலாம்."

"சாப்பிட முடியல சார்."

"அப்ப டெஸ்ட் முடியற வரைக்கும் அதக் கழட்டி வெச்சுரு."

தோட்டைக் கழற்றிச் சோப்பு டப்பாவில் போட்டு வைப்பதுபோல. பல்லோடு பல்லாக ஒட்டவைத்த ஒன்றை, டாக்டர் கருவி கொண்டு பெயர்த்தாலொழிய வராத ஒன்றை, எம்.எஸ்சி. படித்த ஒரு மனிதர் கழற்றி வைக்கச் சொன்னார். அவர் கேலி செய்யவில்லை, கோபப்படவும் இல்லை. கிளிப் என்பது பெண்பிள்ளைகள் மாட்டிக்கொள்ளும் ஒரு நகை என்று அவர் உண்மையிலேயே நம்பினார் என்பதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை.

அறைத்தோழி ஷமீம், லெப்பைக்குடிக்காட்டுக்காரி, அவளுடைய அத்தா துபாயில் கடை வைத்திருந்தார். எந்தச் சிக்கலுக்கும் ஒரு வழி வைத்திருப்பாள். கரண்ட் போனால் ஏற்ற வைத்திருந்த மெழுகுவர்த்தியை ஒடித்து வந்தாள். "மெழுகுதானடி வேணும், எந்த மெழுகா இருந்தா என்ன?" அது இளகவில்லை, நொறுங்கி நாக்கெல்லாம் துகள். மறுநாள் விடுதியில் சப்பாத்தி. அடுக்களைக்குப் போய் ஒரு உருண்டை மாவு கிள்ளி உள்ளங்கையில் மறைத்துக் கொண்டுவந்தாள். அதை அப்பியதும் கம்பி குத்தவில்லை. நான் நிமிர்ந்து சிரித்தேன். ஆங்கில வகுப்பில் சார் என்னை எழுப்பிப் பாடம் வாசிக்கச் சொன்னபோது மாவு எச்சிலில் கரைந்து உதட்டோரம் வழிந்தது.

"என்ன அது?"

"சப்பாத்தி சார்" என்றாள் ஷமீம், எனக்காக.

வகுப்பு சிரித்து ஓயவில்லை. நானும்கூடச் சிரித்தேன், சிரித்ததில் கம்பி இன்னும் கொஞ்சம் ஆழமாக இறங்கியது. மெழுகு டப்பாவோ, நடைபாதையில் போகும்போதெல்லாம் கண்ணாடிக்குப் பின்னால் தெரிந்தது, நகப்பூச்சுக்கும் கண்மைக்கும் நடுவே.

ஞாயிற்றுக்கிழமை பெற்றோர் வரும் நாள். மைதானத்து வேப்பமரங்களுக்கு அடியில் துணி விரித்து, ஆளாளுக்குத் தூக்குவாளிகளைத் திறப்பார்கள். ஷமீமின் அம்மா வட்டலப்பம் கொண்டுவந்திருந்தார். தேங்காய்ப்பாலும் முட்டையும் வெல்லமும் சேர்த்து ஆவியில் வேகவைத்தது, நாக்கிலேயே கரைந்துவிடும். "மெல்ல வேணாம் புள்ள, முழுங்கு" என்று அவர் ஊட்டியதுதான், கம்பி நீட்டிய பிறகு நான் வலியில்லாமல் விழுங்கிய முதல் கவளம். அப்பா லாரியில் சிமெண்ட் ஏற்றிக்கொண்டு மதுரைப் பக்கம் போயிருந்ததால், அம்மா தனியாக பஸ்ஸில் வந்தார். நான் வாய் திறக்காமல் இருந்ததைப் பார்த்து, "ஏண்டி உர்ருனு இருக்க, வந்தது புடிக்கலையா?" என்றார். ஷமீம்தான் சொன்னாள்.

"மெழுகு குடுத்து வுட்டனே, எங்க?"

"அலமாரில இருக்கு அத்தை."

அம்மா தூக்குவாளியை மூடினார். பள்ளிக்கூடத்து அறைகளுக்குள் நுழைவதென்றாலே செருப்பை வெளியே விடுகிறவர், அன்று விடவில்லை. முதல்வர் அப்போதுதான் சாப்பிட்டுக் கைகழுவி வந்து உட்கார்ந்திருந்தார்.

"நாளைக்கு டெஸ்ட் வெச்சுக்கிட்டு வெளிய விட முடியாதுங்கம்மா. ஒருத்திக்கு விட்டா எல்லாரும் கேப்பாங்க."

"எல்லார் வாய்லயுமா கம்பி குத்துது, சார்?"

"அழகுக்காகப் போட்டுக்கிட்டதுதான, கொஞ்சம் பொறுத்துக்கணும்."

அம்மா டாக்டரம்மாவின் வாக்கியத்தை ஒப்பிப்பார் என்று எதிர்பார்த்தேன். ஒப்பிக்கவில்லை. "பாப்பா, வாயத் தொற" என்றார். திறந்தேன். ஒரு விரலை உள்ளே விட்டுக் கன்னத்தை வெளிப்புறமாக இழுத்து, "எட்டிப் பாருங்க சார்" என்றார். வெள்ளையாகப் படர்ந்த புண்ணும் அதற்குள் சொருகி நின்ற கம்பி முனையும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். நாற்காலியோடு பின்னுக்குப் போனார்.

"சரிங்க, சரிங்க. சாப்பிட்ட நேரத்துல இதெல்லாம்..."

"நீங்க சாப்புட்டீங்க சார். எம்பொண்ணு சாப்புடல."

அவுட்பாஸ் கிடைத்தது. அரியலூர் பஸ்ஸில், ஒவ்வொரு பள்ளத்துக்கும் அம்மா என் தாடையைக் கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டே வந்தார். வழியிலேயே போன் செய்திருந்ததால், டாக்டரம்மா ஞாயிறு என்று பார்க்காமல் கிளினிக்கைத் திறந்து வைத்திருந்தார். கருவியை வாய்க்குள் விட்டார், 'டிக்' என்று ஒரு சத்தம், முடிந்தது. அவர் உள்ளங்கையில் கிடந்த துண்டு அரிசி நொய் அளவுகூட இல்லை. "ஏம்மா, மெழுகு குடுத்திருந்தனே?" என்றார். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அழுதிருப்பார் என்று நினைக்கிறேன். ஆத்திரத்தில் அழுகிறவர் அவர். அன்று புது மெழுகு வாங்கி, என் பாவாடை இடுப்புப் பட்டிக்குள் ஒரு சின்னப் பை தைத்து மறைத்துக் கொடுத்தார். பன்னிரண்டாம் வகுப்பு முடியும்வரை ஒரு மருத்துவப் பொருளை நான் திருட்டுப் பொருள்போல ஒளித்து வைத்துப் பயன்படுத்தினேன்.

தேர்வு முடிவு வந்தது. நல்ல மதிப்பெண் வாங்கிய பிள்ளைகளின் படங்களைப் போட்டு, பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் பள்ளி பெரிய பிளெக்ஸ் வைத்தது. அதில் நானும் இருந்தேன். படம் எடுத்த அன்று மேடம் வாயை மூடச் சொல்லியும், ஷமீம் எதிரே நின்று முகத்தைக் கோணியதில் நான் பல் தெரியச் சிரித்துவிட்டேன். பிளெக்ஸில் கம்பி இல்லை. கம்ப்யூட்டரில் அதை அழித்துவிட்டு, அந்த இடத்தில் பால் வெள்ளையாக, சீராக, ஒரு பல்வரிசையை ஒட்டியிருந்தார்கள். அழகு எதற்கு என்று கேட்டவர்களுக்கு, பஸ் ஸ்டாண்டில் என் அழகு தேவைப்பட்டிருக்கிறது. அம்மா அண்ணாந்து வெகுநேரம் பார்த்தார்.

"இது யாரு பல்லுடி?" என்றார்.

பிளெக்ஸ் இறக்கப்பட்டதும் அப்பா அதைக் கேட்டு வாங்கி வந்தார். லாரிக்காரர்களுக்கு அது தார்ப்பாய். அம்மா அதை ஆட்டுக்கொட்டகைக் கூரைமேல், படம் அடிப்பக்கம் போகும்படி போட்டார். சில மழைக்காலங்கள் தாங்கி, கிழிந்து, அதுவும் போனது. ஆடுகளும் இல்லை, கொட்டகையும் இல்லை. இப்போது எந்தப் பள்ளியில் பார்த்தாலும் கிளிப் போட்ட பிள்ளைகள் இருக்கிறார்கள். அலமாரிக்குப் போன அந்த முதல் டப்பா மட்டும் கடைசிவரை திரும்ப வரவில்லை. இடது கன்னத்துக்குள் ஒரு தழும்பு. இப்போது வேலை பார்க்கும் நாளிதழ் அலுவலகத்தில் செய்தி திருத்தும்போது யோசனை ஓடாவிட்டால் நாக்கு தானாக அங்கே போய்விடும்.

சென்ற மாதம் பெரம்பலூர் வழியாக வந்தபோது, அதே பள்ளியின் இந்த ஆண்டு பிளெக்ஸைப் பார்த்தேன். பஸ் புறப்படுவதற்குள் படமெடுத்து, இப்போது ஷார்ஜாவில் இருக்கும் ஷமீமுக்கு அனுப்பினேன். உடனே குரல் பதிவு வந்தது: "ஏய் கம்பி, எல்லாத்துக்கும் ஒன் பல்லையே ஒட்டி வெச்சிருக்கானுவடி!"

பெரிதாக்கிப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. சிரித்த பிள்ளைகள் அத்தனை பேருக்கும் அதே பால் வெள்ளை, அதே வரிசை. இவர்களில் எத்தனை பேருடைய பற்களில் கம்பி இருந்தது, அதில் யாருடைய கம்பி நீட்டியது, யாருடைய மெழுகு எந்த அலமாரியில் இருக்கிறது என்று அந்தப் படத்தை வைத்துச் சொல்ல எந்த வழியும் இல்லை.