பிரைவேட்டாக எழுதிய வருஷம்

புது ஃப்ளெக்ஸ் பேனருக்கு ஒரு வாடை உண்டு. வெயிலில் காயப்போட்ட மழைக்கோட்டு மாதிரி, கிட்டே போனால் தலை வலிக்கும். புதுப்பட்டினத்தில் நான் படித்த அரசுப் பள்ளியின் கேட்டில் வருஷா வருஷம் மே மாதம் அந்த வாடை வரும். 'பத்தாம் வகுப்பில் நூறு சதவீதத் தேர்ச்சி, மாவட்டத்தில் முதலிடம்' என்று கொட்டை எழுத்தில் போட்டு, கீழே நிறைய மார்க் வாங்கிய பிள்ளைகளின் படங்களை வரிசையாக ஒட்டியிருப்பார்கள்.

அப்பாவை 'நைனா' என்றுதான் கூப்பிடுவேன். டவுன்ஷிப் வாசலில் தள்ளுவண்டி போட்டு இஸ்திரி தேய்ப்பவர். ஆபீசர் வீட்டுப் பிள்ளைகளின் டையும் கோட்டும் அவர் கையில்தான் விறைப்பு ஏறும். 'எங்க பையன் பிரைவேட்ல படிக்கிறான்' என்று அந்த வீட்டு அம்மாமார்கள் சொல்லச் சொல்ல, பிரைவேட் என்றால் உசத்தி என்பது மட்டும் அவர் மனத்தில் பதிந்துபோயிருந்தது.

நான் பத்தாவது படித்தபோது காலாண்டுத் தேர்வுக் கணக்கில் ஐந்து பேர் தவறினோம். பெரிய வாத்தியார் ஐந்து வீட்டாரையும் கூப்பிட்டனுப்பினார். நைனாவிடம் நல்ல விதமாகத்தான் பேசினார்: "டி.சி. குடுத்துடறேன்பா. பொண்ணு பிரைவேட்டா எழுதட்டும்."

நைனா அவரைக் கையெடுத்துக் கும்பிட்டார். அன்று சாயங்காலமே திருப்போரூர் முருகன் கோயிலுக்குப் பஸ் ஏறி, என் பேருக்கு அர்ச்சனை செய்து, நெற்றி நிறைய விபூதியோடு வந்து, டீக்கடையில் இருந்தவர்களுக்கெல்லாம் பிரசாதம் கொடுத்தார். "எம் பொண்ணு பிரைவேட்டா எழுதப் போவுது. இன்னா நெனச்சிகினு கீறீங்க?"

பள்ளிக்கூடத்தின் நூறு கெடாமலிருக்கத்தான் எங்களைத் தனித்தேர்வர்களாகக் கழித்துவிட்டார்கள் என்று எனக்குத் தெரியும். அவர் முகத்தைப் பார்த்த பிறகு சொல்ல வாய் வரவில்லை.

அதன்பின் எனக்குச் சொல்லிக்கொடுக்க ஆளில்லை. வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பழைய நோட்டையே புரட்டினேன். என் சிநேகிதி கோமதி வகுப்பில் இருந்தாள். முக்கோணக் கணக்கைப் பாட்டு மாதிரி ஒப்பிப்பாள். ஏ, பி, சி இருந்த இடத்தில் பி, க்யூ, ஆர் வந்துவிட்டால் விழிப்பாள். அவளைக் குறை சொல்லவில்லை, அவளுக்கு அப்படித்தான் பழக்கியிருந்தார்கள். மே மாதப் பேனரில் முதல் படம் அவளுடையது.

எங்கள் ரிசல்ட் வராத நேரம் அது. நைனா பேனர் முன்னால் சைக்கிளை நிறுத்தி, ஒவ்வொரு படமாகத் தேடினார். "உன்து எங்க?"

"பிரைவேட்டுக்குத் தனியா போடுவாங்க நைனா."

செங்கல்பட்டுக்குப் போய் எழுதிய அந்தப் பரீட்சையில் கணக்கு போய்விட்டது. "ஒசத்தி பரீட்ச, கஷ்டமாத்தான் இருக்கும்" என்று என் தலையைத் தடவினார். மறுபடி நான் எழுதவில்லை. பிரைவேட்டுக்கான அந்தத் தனிப் பேனரை வருஷா வருஷம் தேடியபடியே இருந்து, போன தையில் அவர் போய்ச் சேர்ந்தார்.

முருகனை நான் குறை சொல்லமாட்டேன். கேட்க வேண்டியதைச் சரியாகக் கேட்கத் தெரியாத குடும்பம் எங்களுடையது. நேற்று அதே பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் வந்தது. பத்தாவது படிக்கும் என் மகளும் காலாண்டுக் கணக்கில் தவறியிருக்கிறாள். அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். பெரிய டீச்சர் நல்ல விதமாகத்தான் பேசினார். கேட்டில் இந்த வருஷத்துப் பேனர் வெளுத்துத் தொங்கியது. அதே நூறு, அதே முதலிடம்.

வெளியே வந்ததும் மகள் கேட்டாள்: "பிரைவேட்னா இன்னாம்மா?"

அந்தச் சொல்லைக் கேட்டு சந்தோஷப்பட எங்கள் வீட்டில் ஒருவர் இருந்தார். இப்போது அவரும் இல்லை.