பூனை வண்டிக்காரி

என் அண்ணியைப் பற்றி நான் நல்லதாக நாலு வார்த்தை எழுதினால் எங்கள் வீட்டிலேயே யாரும் நம்பமாட்டார்கள். நாத்தனார் என்றால் குறை சொல்லியே தீரவேண்டும் என்று யாரோ சட்டம் போட்டு வைத்திருக்கிறார்கள். குறை இல்லாமலும் இல்லை. அண்ணி சமைத்தால் உப்பு இருக்காது. பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டாள். அவள் துவைத்துப் போடும் துணியில் அழுக்கு போய் கிரீஸ் வந்திருக்கும். ஆனால் பழைய சைக்கிள் விஷயத்தில் அவளைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லிப் பாருங்கள், நான் சண்டைக்கு வருவேன்.

கல்யாணமாகி வந்த புதிதில் அவள் ஒரு சலவைக் கடையில் வேலை பார்த்தாள். போகவர ஒரு கிழட்டு சைக்கிள். அதில் செயின் கழன்றுகொண்டே இருக்கும். போய்க் கேட்ட கடைக்காரர்கள் எல்லாரும் ஒரே பாட்டைத்தான் பாடினார்கள், தூக்கிப் போடும்மா, புதுசு வாங்கு என்று. ஒரு லீவு நாளில் சமையலறைத் தரையில் பழைய படுக்கை விரிப்பைப் போட்டு, அந்த வண்டியை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிவிட்டாள். கழற்றிய வரிசையிலேயே ஒவ்வொன்றையும் அடுக்கி வைத்தாள். வரிசை கலைந்தால் திரும்ப மாட்டத் தெரியாது என்பதால் யாரும் அதை மிதிக்கக்கூடாது. வீடே சுவரை ஒட்டி நண்டு மாதிரி நடந்தது. என் அம்மா, "மருமகளைக் கூட்டிட்டு வந்தோமா, மெக்கானிக்கைக் கூட்டிட்டு வந்தோமா?" என்று தலையில் அடித்துக்கொண்டார். பேக்கரி வேன் ஓட்டும் என் அண்ணன் மட்டும் ஒன்றும் சொல்லாமல், விரிப்பைத் தாண்டிக் குதித்துத் தண்ணீர் குடித்துவிட்டு, மறுபடியும் தாண்டிக் குதித்துப் போனான். அவனுடைய சம்மதம் அவ்வளவுதான்.

அந்த வண்டி ஓடியது. பிறகு பக்கத்து வீட்டு வண்டி, அதற்கடுத்த தெரு வண்டி. சலவைக் கடை வேலையை விட்டுவிட்டு வீட்டின் முன்னறையையே கடையாக்கிக்கொண்டாள். இப்போது அந்த அறையில் கூரைக் கொக்கிகளில் பழைய சைக்கிள் சட்டங்கள் தொங்குகின்றன. பிஸ்கட் டப்பாக்களில் பால்ஸ் குண்டுகள், நட்டு, வாஷர். ஜன்னல் கம்பியில் செயின்கள். உள்ளே வருகிறவர்கள் குனிந்து வரவேண்டும், இல்லையென்றால் நெற்றியில் பெடல் இடிக்கும்.

அவளுக்கென்று சில பிடிவாதங்கள் உண்டு. எங்கோ தேடி, யாரிடமோ கெஞ்சி, பழைய வண்டிக்குப் பொருந்துகிற பாகத்தை வாங்கிவந்து மாட்டுவாள். ஆனால் புதுப் பாகத்தைத் தேய்த்துக் கறுக்க வைத்து, பழசு போலக் காட்டமாட்டாள். "புதுசு புதுசாத்தான் தெரியணும். ஏமாத்துறதுக்கா கடை வச்சிருக்கேன்?" என்பாள். கழற்றிய பழைய பாகங்களை ஒரு துணிப்பையில் கட்டி, வண்டியின் கைப்பிடியிலேயே தொங்கவிட்டுக் கொடுப்பாள். "உங்க வண்டியோட எலும்பு, நீங்களே வச்சுக்கோங்க."

எல்லாவற்றுக்கும் மேலான பிடிவாதம் ஒன்று இருந்தது. வண்டி சத்தமே போடக்கூடாது. வேலை முடிந்ததும் வண்டியைத் தூக்கி நிறுத்தி, பின்சக்கரத்தைச் சுழற்றிவிட்டு, சீட்டில் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வாள். ஓயாமல் பேசுகிற அண்ணி வாயை மூடுவது அந்த ஒரு நேரம்தான். மற்ற கடைகளில் சும்மா விட்டுவிடுகிற ஃப்ரீவீலைக்கூட விடமாட்டாள். பின்சக்கரத்தில் செயின் மாட்டுகிற பல்சக்கரம் அது. மிதிப்பதை நிறுத்தினால் சக்கரம் மட்டும் ஓட, உள்ளே டிக் டிக் என்று சத்தம் கேட்கும். அண்ணி அதைப் பிரித்துக் கெட்டியான கிரீஸை அடைத்து, அந்த டிக்கையும் அமுக்கிவிடுவாள். அவள் கையில் பட்ட வண்டி பக்கத்தில் வந்து நின்றாலும் தெரியாது. ஊரில் அதற்குப் பூனை வண்டி என்று பெயர் வைத்தார்கள். அண்ணிக்குப் பூனை வண்டிக்காரி என்று பெயர். அந்தப் பெயரைக் கேட்டால் அவளுக்குத் தலைகால் புரியாது.

அப்படி இருக்கும்போதுதான் தபால்காரம்மா வந்தார்.

எங்கள் பகுதிக்குத் தபால் கொண்டுவருகிறவர். அவருடைய வண்டி அவர் வேலையில் சேர்வதற்கு முன்னாலேயே கிழமாகிவிட்ட லேடீஸ் சைக்கிள். மேட்டில் ஏறும்போது ஃப்ரீவீல் சறுக்கி, பெடல் வெறுமனே சுற்றும். அப்போதெல்லாம் முட்டி மடார் என்று உதறும். "முட்டி போச்சுன்னா வேலை போச்சு தங்கச்சி. ஆனா வேற வண்டி எனக்கு ஒத்துவராது" என்றார். அண்ணி அதை ஆசையாசையாகச் செய்தாள். புது ஃப்ரீவீல், புது செயின், பெடல் மாட்டுகிற புது கிராங்க். வளைந்து கிடந்த செயின் கவரைத் தட்டி நேராக்கினாள், சக்கரத்தின் கோட்டம் எடுத்தாள். எலும்புப் பையைக் கட்டித் தொங்கவிட்டு அனுப்பிய அன்று, தபால்காரம்மா மேட்டை உட்கார்ந்தபடியே மிதித்து ஏறியதை நானே பார்த்தேன்.

கொஞ்ச நாள் கழித்து அவர் திரும்பி வந்தார். வண்டியை வாசலில் நிறுத்தினார். வழக்கம்போல எங்களுக்குக் கேட்கவில்லை.

"குறை சொல்ல வரல. வண்டி தங்கம். என் வீட்டுக்காரர்தான்..." என்று இழுத்தார்.

அவருடைய கணவர் பஸ் ஓட்டியவர். பார்வை போய் வேலையை விட்டவர். எல்லாருக்கும் இன்னமும் அவர் டிரைவர்தான். அவர்கள் வீடு ஒரு சரிவான தெருவின் அடியில் இருக்கிறது. வாசலில் படிகள் உயரம். தினமும் சாயங்காலம் தபால்காரம்மா வரும் சத்தம் மேலே கேட்டதும், டிரைவர் எழுந்து கதவைத் திறந்து, படியிறங்கி நின்று, வண்டி நின்றதும் பின்கேரியரைப் பிடித்துத் தூக்குவார். முன்னால் தபால்காரம்மா, பின்னால் டிரைவர். இத்தனை வருஷமும் அப்படித்தான் வண்டி வீட்டுக்குள் போனது. இப்போது சத்தமே இல்லை. அவர் எழுவதற்குள் இந்த அம்மா தனியாகவே வண்டியை மேலே ஏற்றிவிடுகிறார்.

"அதுகூடப் பரவால்ல. நேத்து எவனோ ஒருத்தன் வண்டிச் சத்தம் கேட்டு நான்தான்னு நெனச்சு இறங்கிப் போயிட்டாரு. அவன் கேரியரைப் பிடிச்சுட்டாரு. அவன் இவரைத் திருடன்னு நெனச்சுக் கத்திட்டான். உள்ள வந்து உட்கார்ந்தவரு, 'எனக்கு இந்த வீட்டுல இருந்தது ஒரு டியூட்டி. அதுலயும் ரிட்டயர் பண்ணிட்டீங்க'ன்னாரு. அதோட சரி, நான் வந்தாலும் எழுந்திரிக்கறதில்ல."

அண்ணி முகத்தில் ஈயாடவில்லை. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "அதுக்கென்ன, ஒரு மணியைக் கட்டி அடிச்சுட்டே வாங்க" என்றேன்.

"மணி தெருவுல எல்லாரும் அடிக்கறாங்க. எங்க வண்டின்னு அவருக்குத் தெரியணுமே" என்றார் தபால்காரம்மா.

பழைய ஃப்ரீவீலையே திரும்ப மாட்டிவிட்டால் தீர்ந்தது. ஆனால் அது சறுக்கும், முட்டி போகும். முட்டியும் பிழைக்கவேண்டும், டிரைவரின் வேலையும் திரும்ப வேண்டும். அவர் போனபிறகு அண்ணி, "நல்லா செஞ்சது தப்பாப் போச்சு பாரேன். இனி தப்பா செய்யக் கத்துக்கணும்" என்றாள்.

மறுநாள் தபால்காரம்மாவுக்கு லீவு, அவர் வீட்டுக்கு அண்ணியோடு நானும் போனேன். டிரைவர் வாசலறை நாற்காலியில் இருந்தார், அகலமான தோள், சுத்தமாகச் சவரம் செய்த முகம்.

"அண்ணே, பழைய சத்தம் எப்படி இருக்கும்னு சொல்லுங்க" என்றாள் அண்ணி.

"சத்தத்தை எப்படிம்மா வாயால சொல்றது? அவ வர்ற சத்தம் மாதிரி இருக்கும்."

அண்ணி செயின் கவரைக் கொஞ்சம் வளைத்து, செயின் உரசும்படி செய்து ஓட்டிக் காட்டினாள். "இது ஏதோ மாவு மெஷின்" என்றார் டிரைவர். பெடலை லேசாகத் தளர்த்தினாள். "இது யாரோ நொண்டறாங்க." மட்கார்டில் ஒரு தகடு சொருகினாள். "பயமா இருக்கும்மா, எடுத்துரு." மனிதருக்குக் கேலி பிடித்துவிட்டது, ஆனால் சிரிக்கும்போதும் கைகள் முழங்காலை விட்டு எழவில்லை. என்னால் அந்தக் கைகளைப் பார்க்க முடியவில்லை. அண்ணியை இழுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம் என்றுகூடத் தோன்றியது.

அண்ணி பிடித்த பிடியை விடவில்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டு தெருவின் உச்சிக்குப் போய், அங்கிருந்து ஏறி உட்கார்ந்து இறங்கி வந்தாள். பாதியில் பிரேக்கைப் பிடித்து நின்றாள். நின்ற இடத்திலிருந்தே கத்தினாள்:

"ஏ, நான் மிதிக்கவே இல்லடி!"

எனக்குப் புரியவில்லை. ஓடி வந்து மூச்சுவாங்கச் சொன்னாள். இறக்கத்தில் யாரும் மிதிப்பதில்லை. மிதிக்காதபோது செயின் உரசாது, பெடல் ஆடாது. அந்தத் தெருவில் தபால்காரம்மாவின் வண்டியில் பேசக்கூடியது ஒன்றே ஒன்றுதான். அண்ணி பெருமையோடு கிரீஸை அடைத்து வாயை மூடிவைத்த ஃப்ரீவீல்.

எலும்புப் பை அவர்கள் வீட்டில்தான் இருந்தது. பழைய ஃப்ரீவீலை எடுத்து, டிரைவரின் காதருகே வைத்து விரலால் சுற்றினாள். டிக் டிக் டிக் டிக் என்று ஓடி, ஒரு அடி மங்கி, மறுபடியும் ஓடியது. சுற்றுக்கொரு தடவை அந்த ஒரு அடி இறங்கியது. உள்ளே ஏதோ ஒரு பல் தேய்ந்திருக்கிறது.

டிரைவர் கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டார். "இவதான்" என்றார். "இவளேதான்." தானே சுற்றிச் சுற்றிக் கேட்டார். தபால்காரம்மா இரும்புத் துண்டாகிவிட்டதைப் பார்த்து எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

அண்ணி முதலில் புது ஃப்ரீவீலிலிருந்து கிரீஸைக் கழுவி, மெல்லிய எண்ணெய் விட்டுப் பார்த்தாள். டிக் டிக் என்று அச்சுப் பிசகாமல் அழகாக வந்தது. டிரைவர் மரியாதைக்குக் கேட்டுவிட்டு, "நல்ல வண்டிதான். ஆனா எவன் வண்டி வேணா இருக்கலாம்" என்றார்.

அதனால்தான் வண்டியையும் பழைய ஃப்ரீவீலையும் அன்றே கடைக்குக் கொண்டுவந்தாள் அண்ணி. ஃப்ரீவீலின் மேல்வளையம் மற்ற திருகுகளுக்கு நேர்எதிராகச் சுற்றினால்தான் கழலும். அண்ணி அதைக் கழற்றி, உள்ளே இருக்கும் பால்ஸை ஒன்றுகூடச் சிந்தாமல் கிண்ணத்தில் வாங்கி, வெளிவளையத்தைச் சாணைக்கல்லின் முன்னால் பிடித்தாள். கறையில்லாத புது இரும்பு. பழைய வண்டியில் ஒரு கீறல் கூடினாலும் சாப்பிடாமல் இருப்பவள் அவள்.

"தெரிஞ்சே ஒரு பல்லைக் கெடுக்கப்போறேன்" என்றாள்.

"சறுக்காதா அண்ணி?"

"உள்ள பல்லைப் பிடிக்கற ரெண்டு நாக்கு இருக்கு. ஒண்ணு இந்தப் பல்லுல தடுமாறினாலும் எதிர்ப்பக்கம் இன்னொண்ணு பிடிச்சுக்கும். அதைப் பார்த்துட்டுத்தான் கை வைக்கறேன்."

கல்லில் பொறி பறந்தது. ஒரே ஒரு பல்லின் நுனி. தொட்டாள், துடைத்தாள், மாட்டினாள், காதில் வைத்துக் கேட்டாள். மங்கவில்லை. மறுபடி கழற்றி, இன்னும் கொஞ்சம். அதிகமாகத் தேய்த்துவிட்டால் பாகம் குப்பைக்குப் போய்விடும். பழையதை ஒரு கையிலும் புதியதை மறு கையிலும் சுற்றிச் சுற்றி, இரண்டும் ஒரே மாதிரி நொண்டும்வரை அவள் விடவில்லை. முடிந்ததும் வண்டியில் ஏறி, மேட்டில் எழுந்து நின்று மிதித்துப் பார்த்தாள். ஒரு தடவைகூடச் சறுக்கவில்லை.

அடுத்த நாள் சாயங்காலம் டிரைவரிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. வேலை விட்டு எல்லாரும் திரும்பும் நேரம். சரிவில் சைக்கிள்கள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கிக்கொண்டிருந்தன, சாவி குலுங்குகிறது, பாத்திரம் ஆடுகிறது, எவனோ மணியடிக்கிறான். நானும் அண்ணியும் சும்மா பார்க்க வந்தவர்கள் போல வாசலறையில் உட்கார்ந்திருந்தோம். டிரைவர் ஒரு பழைய பஸ்ஸின் கியர் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணி, சீட்டில் காதை வைத்திருக்கிறவள் மாதிரி கண்ணை மூடியிருந்தாள்.

"...செகண்டுல போட்டா மூணாவது விழும், அப்போ நான் என்ன பண்ணுவேன்னா..."

கதை நின்றது. எனக்கு எந்த வித்தியாசமும் கேட்கவில்லை. டிரைவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். சுவரைத் தொடாமலே நடந்து, தாழ்ப்பாளை எடுத்து, படிகளை இறங்கித் தெருவோரம் நின்று, இரண்டு கைகளையும் இடுப்பளவில் நீட்டினார். ஒரு வண்டி அவரைக் கடந்து போனது. அவர் அசையவில்லை. இன்னொன்று போனது. அதற்கும் அசையவில்லை. மூன்றாவதாக வந்த தபால்காரம்மா பிரேக்கைப் பிடித்தார். கேரியர் நேராக அந்தக் கைகளுக்குள் வந்து நின்றது.

"லேட்டு" என்றார் டிரைவர்.

"இன்னைக்குத் தபால் ஜாஸ்தி" என்றார் அந்த அம்மா.

"சரி சரி, தூக்கு. படி பார்த்து."

முன்னால் தபால்காரம்மா, பின்னால் டிரைவர். வண்டி வீட்டுக்குள் போனது.

திரும்பும் வழியில் அண்ணி நடந்த நடையை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். எதிரே வந்த இன்னொரு சைக்கிள் கடைக்காரர், "என்னம்மா, தபால்காரம்மா வண்டியில டிக் டிக்குன்னு கேக்குதே, உங்க கைவேலைதானே அது?" என்று குத்தினார். பூனை வண்டிக்காரிக்குக் கோபம் வரும் என்று நான் அவள் கையைப் பிடித்தேன்.

"என் கைவேலையேதான்" என்றாள் அண்ணி, தெருவுக்கே கேட்கும்படி.