பூ சமுகமளிக்கவில்லை

"யூனிவர்சிட்டி முடிச்ச பிள்ளைக்கு மண்வெட்டியை எந்தப் பக்கத்தால பிடிக்கிறதெண்டு தெரியுமே?"

கேட்டவர் எங்கள் வெள்ளவத்தை மாடிக் குடியிருப்பின் கமிட்டித் தலைவர், இரண்டாம் மாடி அங்கிள். அப்பாவும் அம்மாவும் ஐந்தாம் வகுப்போடு நின்றவர்கள். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அந்தக் கேள்வியைச் சும்மா விட முடியுமா? வாகனங்கள் நிறுத்தும் இடத்தின் ஓரமாகக் கட்டில் அளவு மண் துண்டொன்று கிடந்தது. அதில் பத்துமணிப் பூ நட்டேன். விரல் நீளத் தண்டைக் கிள்ளி ஊன்றினால் போதும். மூன்று மாதத்தில் பாய் விரித்ததுபோல் படர்ந்துவிட்டது.

ஆனால் அந்தப் பூ வெயில் ஏறினால்தான் விரியும், பின்னேரம் சுருங்கிவிடும். வேலைக்குப் போகும் நானே அதை ஞாயிற்றுக்கிழமைகளில்தான் காண்கிறேன். கமிட்டி கூடுவதோ கோயில் பூசை முடிந்து, மாலை ஆறரைக்கு.

அந்தத் துண்டுக்குச் சீமெந்து போட்டு மோட்டார் சைக்கிள் நிறுத்தலாம் என்று யாரோ சொல்ல, ஐந்து பேர் டோர்ச் லைட்டோடு பார்வையிட இறங்கினார்கள்.

"பூ எங்க பிள்ளை?" என்றார் தலைவர்.

"சுருங்கிட்டுது அங்கிள். காலமை பத்து மணிக்கு விரியும்."

பொருளாளர் அன்ரி குனிந்து பார்த்தார். "இது நித்திரையோ, செத்துப்போச்சோ?"

"நித்திரைதான் அன்ரி."

"அப்ப எழுப்புமன்."

போனில் இருந்த படத்தைக் காட்டினேன். தலைவர் நம்பவில்லை. "என்ர மருமகன் போன கிழமை சிங்கத்தோட நிண்ட படம் அனுப்பினவர். அவர் வீட்டை விட்டு வெளிய போகேல்லை."

கூட்டக் குறிப்பில் 'பூ சமுகமளிக்கவில்லை' என்று எழுதினார்கள்.

நான் விடவில்லை. வருடத்துக்கு ஒருமுறை மட்டும் அனுமதிக்கப்படும் விசேட கூட்டத்தைக் கேட்டு வாங்கி, எல்லோருக்கும் கடிதம் கொடுத்தேன். பௌர்ணமி விடுமுறையான போயா நாள், காலை பத்தரை. கதிரை போட்டு, பெண் பார்க்க வந்தவர்கள்போல் செடியைச் சுற்றி அமர்ந்தார்கள். கடல் பக்கமிருந்து மேகம் வந்து மூடியது. ஒரு மொட்டும் அசையவில்லை. தலைவர் டோர்ச்சை எடுத்து ஒரு மொட்டின்மேல் கால் மணி நேரம் பிடித்துக்கொண்டிருந்தார். அவ்வளவு அக்கறையாக அவர் எதையும் செய்து நான் கண்டதில்லை.

பிளேன்டீ கொண்டுவந்த அம்மா கேட்டார்: "சூரியனுக்கும் கடிதம் குடுத்தனீங்களோ?"

சீமெந்து விஷயம் அடுத்த மாதக் கூட்டத்துக்குப் போனது. அதுவும் மாலை ஆறரைக்கு. கூட்ட நேரத்தை மாற்றும் உரிமை செயலாளருக்குத்தான் உண்டாம். அவர் தெஹிவளைக்குக் குடிபோய் எட்டு மாதம். எழுத்து வேலைக்குப் பயந்து அந்தப் பதவியை எவரும் தொடவில்லை.

எனக்கு எழுத்து வேலையில் பயமில்லை. இன்று காலை விண்ணப்பத்தைத் தலைவரிடம் நீட்டினேன். போட்டிக்கு ஆளில்லாததால் வாசல்படியிலேயே கையெழுத்திட்டுத் தந்தார். முதல் அறிவித்தலை லிப்டுக்குள் ஒட்டிவிட்டுத்தான் பஸ் ஏறினேன்: 'அடுத்த கூட்டம் ஞாயிறு காலை பதினொரு மணிக்கு. மேகமாக இருந்தால் ஒத்திவைக்கப்படும்.'