சோற்றை விட்ட தாய்மாமன்

என் தம்பி இளைத்துப்போனான். அதை என்னால் பொறுக்க முடியவில்லை. சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது.

நான் ஆனையூரில் பெயிண்ட் கடை வைத்திருக்கிறேன். அவனுக்குத் தல்லாகுளத்தில் அலுவலக வேலை, கோச்சடையில் வீடு. சின்ன வயதிலிருந்தே இரண்டு பேரும் ஒரே மாதிரி குண்டு. பந்தியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தால் பரிமாறுகிறவன் எங்களைப் பார்த்துவிட்டு வாளியைப் பார்ப்பான். அவன் குண்டாக இருந்தவரை எனக்கு அவன்மேல் பாசம் இருந்தது.

பிறகு அவன் பேலியோ டயட் ஆரம்பித்தான். சோறு, இட்லி, பரோட்டா, சீனி எதுவும் கிடையாது. கறி, முட்டை, பனீர், வெண்ணெய், நெய்யில் வறுத்த பாதாம். கொழுப்பைத் தின்று கொழுப்பைக் குறைக்கிறானாம். கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தேன். சில மாதத்தில் அவனுக்குக் கழுத்து வந்தது. அப்புறம் தாடை வந்தது. எங்கள் குடும்பத்தில் யாருக்கும் தாடை கிடையாது. இவனுக்கு மட்டும் எங்கிருந்து வந்தது என்று எரிச்சலாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரிய பையோடு வீட்டுக்கு வந்தான். உள்ளே அவனுடைய சட்டைகள்.

"அண்ணே, இதெல்லாம் எனக்குத் தொளதொளன்னு இருக்கு. நல்ல துணி. ஒனக்குச் சரியா இருக்கும்."

அண்ணன் போட்ட சட்டையைத் தம்பிக்குக் கொடுப்பார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் நடந்தது. பள்ளிக்கூடம் முடிக்கும் வரை அவன் என் சட்டையைத்தான் போட்டான். இப்போது அவன் கழித்ததை நான் போட வேண்டுமாம். அவன் கெட்ட எண்ணத்தில் கொண்டுவரவில்லை. அதுதான் இன்னும் கடுப்பு. கெட்ட எண்ணம் இருந்தால் திட்டியிருக்கலாம்.

அதற்கடுத்த வாரம் தங்கச்சி போன் போட்டாள். அவளுடைய சின்ன மகளுக்கு மொட்டை போட்டுக் காது குத்துவதாக முடிவாகியிருந்தது. சோழவந்தான் பக்கம் அவர்கள் குலசாமி கோயில். கிடா வெட்டு உண்டு.

"அண்ணே, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்கிடாத. இந்தத் தடவ பாப்பாவச் சின்னண்ணன் மடியில உக்கார வச்சுக்கிருவோம்."

"ஏன்? நான் செத்துட்டனா?"

"மூத்தவனுக்கு நடந்தது மறந்துபோச்சா?"

மறக்கவில்லை. தாய்மாமன் தரையில் சம்மணம் போட்டு உட்கார வேண்டும், பிள்ளையை மடியில் வைத்துத்தான் மொட்டையும் காதுகுத்தும். மூத்த மாமன் இருக்கும்போது அது அவன் மடிதான். ஆனால் எனக்கு மடி என்று ஒன்று இல்லை. தொப்பை அந்த இடத்தை எடுத்துக்கொண்டது. தங்கச்சியின் மூத்த பையனுக்கு மொட்டை போட்டபோது அவன் என் தொப்பையிலிருந்து வழுக்கி வழுக்கி இறங்கினான். சவரம் செய்தவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "அண்ணே, பிள்ளைக்குக் கொஞ்சம் எடம் குடுங்கண்ணே" என்றார். கோயிலே சிரித்தது. முடிந்த பிறகு என்னை இரண்டு பேர் பிடித்துத் தூக்கிவிட்டார்கள். அந்த வீடியோ இன்றைக்கும் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் சுற்றுகிறது.

எனக்குப் பிள்ளை இல்லை. எங்கள் வீட்டில் எனக்கென்று இருக்கிற ஒரே மரியாதை பெரிய மாமன் என்பதுதான். தாடையை எடுத்துக்கொண்டவன் அதையும் எடுத்துக்கொள்வதா?

மறுநாளே பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு, டாக்டரிடம் காட்டிவிட்டு, சோற்றை நிறுத்தினேன். தம்பியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. யூடியூப் பார்த்தே எல்லாம் தெரிந்துகொண்டேன். முதல் வாரம் தலைவலி, எரிச்சல். கடைக்கு வெள்ளை பெயிண்ட் கேட்டு வந்தவனிடம், "எந்த வெள்ளைய்யா? ஒழுங்கா சொல்லு" என்று கத்தினேன். பக்கத்து டீக்கடைக்காரன், "என்ன மாப்ள, வடைய இந்த மொற மொறைக்கிற? அது ஒன்னய என்ன செஞ்சுச்சு?" என்றான். என் மனைவி ஒரு படி மேலே போனாள்.

"ஏங்க, ஒரு சட்டி நெய்ய ஒரே வாரத்துல காலி பண்ணிட்டு ஒடம்பக் குறைக்கிறேங்குறீங்க. நான் இட்லி தின்னு குண்டாயிட்டேன். இது என்ன நியாயம்?"

எடை இறங்கியது. ஆனால் தம்பிக்கு இறங்கிய வேகம் எனக்கு இல்லை. ஒவ்வொரு முறையும் எடை மிஷினில் ஏறும்போது என் எடையை நான் பார்த்ததைவிட, டயட்டின் இத்தனையாவது வாரத்தில் அவன் எந்த எடையில் இருந்திருப்பான் என்று கணக்குப் போட்டதுதான் அதிகம். அவன் குரூப்பில் தன் போட்டோ போடுவான். பழைய படம் ஒரு பக்கம், புதுப் படம் ஒரு பக்கம். பழைய படத்தில் அவன் பக்கத்தில் நான் நிற்பேன். என்னை வெட்டிவிட்டுப் போடக்கூடவா தெரியாது?

கடையில் ஆள் இல்லாத நேரத்தில் சம்மணம் போட்டுப் பழகினேன். சின்ன பெயிண்ட் வாளியை மடியில் வைத்துப் பார்ப்பேன். முதலில் வாளி முழங்காலுக்கு உருண்டது. பிறகு சாய்ந்து நின்றது. ஒருநாள் அசையாமல் உட்கார்ந்தது. அன்றைக்கே தங்கச்சியை வரச் சொன்னேன்.

"எங்க, உக்காரு பாப்பம்" என்றாள்.

உட்கார்ந்தேன். அவள் மகளை என் மடியில் வைத்தாள். பிள்ளை நழுவவில்லை. கையை ஊன்றாமல் எழுந்தும் காட்டினேன். அவள் வாயில் கையை வைத்துச் சிரித்தாள்.

"சரிண்ணே. ஒன் மடிதான். சின்னண்ணன்ட்ட நானே சொல்லிக்கிறேன்."

விசேஷத்தன்று அந்த மடியில்தான் பிள்ளைக்கு முடி இறக்கினார்கள். தண்ணீரும் முடியும் என் வேட்டியெல்லாம் வழிந்தன. ஆசாரி காதில் கம்பியை ஏற்றியபோது பிள்ளை அலறி என் நெஞ்சைக் கடித்தது. வலிக்கவில்லை. நான் தம்பியைத் தேடினேன். அவன் முகம் சுருங்கியிருக்க வேண்டும், அதைப் பார்க்க வேண்டும். அவன் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, இங்க பாரு! சூப்பர்ண்ணே!" என்று கத்திக்கொண்டிருந்தான். ஒரு துளி வருத்தம் இல்லை. சுற்றி நின்ற பெண்கள் பிள்ளையை விட்டுவிட்டு அவனைத்தான் பார்த்தார்கள். "அடேயப்பா, எம்புட்டு எளச்சுட்டாரு!" என்றார்கள். நானும்தான் இளைத்திருந்தேன். ஒருத்தர்கூடக் கேட்கவில்லை.

அந்தக் கோபத்தோடுதான் பந்திக்குப் போனேன். முதல் வரிசையில் முதல் இலை தாய்மாமனுக்கு. பக்கத்தில் தம்பி. தங்கச்சியின் மாமனாரே சோற்று வாளியோடு வந்தார். நான் இலையைக் கையால் மறைத்தேன்.

"சோறு வேணாம் மாமா. கறி மட்டும் வைங்க."

அவர் கரண்டி அப்படியே நின்றது. எங்கள் பக்கத்தில் தாய்மாமன் சோற்றில் கை வைக்கவில்லை என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். கோபம். செய்முறையில் குறை. இது எனக்குத் தெரியாததில்லை. ஆனால் சோறு வேண்டாம் என்று சொல்லிப் பழகிய வாய் சொல்லிவிட்டது. சொன்ன பிறகு பின்வாங்கவும் மனம் வரவில்லை, ஏனென்றால் தம்பி பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன மாப்ள, நாங்க என்ன கொற வச்சோம்?" என்றார். குரல் மாறியிருந்தது. பின்னால் நின்ற அவர் ஆட்களும் என் இலையை எட்டிப் பார்த்தார்கள்.

தம்பி தன் இலையை முன்னால் தள்ளினான். "எனக்கு நெறய போடுங்க மாமா" என்றான். குழம்பை ஊற்றச் சொல்லி, பிசைந்து, பெரிய உருண்டையாக வாயில் போட்டான். பிறகு என் காதருகே, "அண்ணே, ஒரு நா தின்னா ஒண்ணும் ஆகாது. தின்னு" என்றான்.

அவனுக்கு ஒன்றும் ஆகாது. நான் ஒருநாள் தின்றால் மறுபடி நானாகிவிடுவேன். அதற்குத்தான் சொல்கிறான் என்று நினைத்தேன். எழுந்திருக்கப் போனேன். தங்கச்சி ஓடிவந்து இலைக்கு முன்னால் நின்றாள். மொட்டைத் தலையில் சந்தனத்தோடு பிள்ளை அவள் இடுப்பில் விசும்பிக்கொண்டிருந்தது.

"மடி வேணும்னு மல்லுக்கட்டுனியே. என் வீட்டுச் சோறு மட்டும் வேணாமா?"

அவள் மாமனாருக்குக் கேட்காத மாதிரிதான் சொன்னாள். கண் நிறைந்திருந்தது. இனி அந்த வீட்டில் காலத்துக்கும் இதைச் சொல்லிச் சொல்லி அவளைக் குத்துவார்கள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

உட்கார்ந்தேன். இலையிலிருந்து கையை எடுத்தேன். "போடுங்க மாமா. சும்மா வெளாட்டுக்குச் சொன்னேன்" என்றேன். அவர் நம்பவில்லை. ஆனாலும் போட்டார். எலும்புக் குழம்பை ஊற்றிப் பிசைந்து முதல் வாய் வைத்தேன், அவ்வளவு ருசி. இரண்டாம் முறை நானே கேட்டு வாங்கினேன். அதற்குப் பிறகுதான் அவர் சிரித்தார்.

மறுநாள் காலையில் எடை பார்த்தேன். ஏறியிருந்தது. கொஞ்ச நேரத்தில் தம்பி குரூப்பில் தன் மிஷினைப் படம் எடுத்துப் போட்டிருந்தான். கிடாக் கறியும் சோறும் தின்ற பிறகும் அதே எடை. கீழே தங்கச்சி கைதட்டுகிற பொம்மை போட்டிருந்தாள். நானும் ஒன்று போட்டேன். போட்டுவிட்டுப் போனை மேசைமேல் எறிந்தேன்.