எல்லாரும் நல்லவர்கள் என்றேன்

நான் வேண்டுமென்றே சுற்றுப்பாதையில் ஓட்டினேன் என்று ஒரு பயணி முறைப்பாடு செய்திருந்தார். அன்று டவுன்டவுனில் வீதி வேலைக்காகப் பாதித் தெருக்களை ஆரஞ்சுக் கூம்புகள் வைத்து அடைத்திருந்தார்கள். டாக்சி அலுவலகம் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. லைசென்ஸைப் புதுப்பிக்க மறுத்துவிட்டது. விளக்கம் சொல்லப் போனேன். கவுன்டரில் இருந்த பெண், நான் வாய் திறக்குமுன் கையை உயர்த்தி, முடிவு எடுத்தாயிற்று என்றார். பிரெஞ்சில் "மெர்சி" என்று நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பல நாடுகளில் பாத்திரம் கழுவி, மூட்டை தூக்கி, இங்கே வந்து சேர்ந்தேன். முதுகு இனிப் பாரம் தாங்காது. ஓட்டுவதைத் தவிர வேறு வேலை எனக்கு மிச்சமில்லை.

கார் நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் இருக்கும் ஓர் அண்ணையுடையது. பகலில் நான் ஓட்டுவேன், இரவில் அவர். நகரசபை அலுவலகங்கள் மீதான முறைப்பாடுகளை விசாரிக்கும் ஒம்புட்ஸ்மனிடம் போகச் சொன்னவர் அவர்தான். எல்லாருக்கும் மேலான அதிகாரி, ஒரு கட்டளையில் லைசென்ஸ் வந்துவிடும் என்று நம்பினேன்.

அண்ணையின் சமையலறையில் இருந்து போனை ஸ்பீக்கரில் போட்டோம். ஒம்புட்ஸ்மன் அலுவலகத்துப் பெண் ஒருவர் பொறுமையாக ஆங்கிலத்தில் விளக்கினார். முடிவை அவர்களால் ரத்துச் செய்ய முடியாது. பயணி சொன்னது சரியா, நான் சொல்வது சரியா என்று பார்ப்பது நீதிமன்றத்தின் வேலை. அங்கே போவதற்கான கெடுவும் இந்த முறைப்பாட்டுக்காக நிற்காது. டாக்சி அலுவலகம் என்னை நியாயமாக நடத்தியதா என்று மட்டும் பார்க்கலாம். நான் சொன்னதைக் கேட்டார்களா என்று விசாரித்தார்.

அதிகாரிகளைக் குறை சொல்லாமல் இருந்தே எல்லைகளைத் தாண்டியவன் நான். எல்லாரும் நல்லபடியாக நடத்தினார்கள் என்றேன்.

அப்படியானால் தாங்கள் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை என்றார் அவர். அண்ணை போனைப் பறித்து, எங்கள் குரல் கேட்காதபடி மியூட்டை அழுத்தினார்.

"உனக்கென்ன விசரே? ஆக்களுக்குச் சேட்டிபிக்கற்றோ குடுக்கிறாய்?"

"குறை சொன்னா அந்தக் கவுன்டர் மனுசி பேந்து பழிவாங்காதோ, அண்ணை?"

"இனி உன்னட்டைப் பறிக்க என்ன கிடக்கு?"

மியூட்டை எடுத்துவிட்டார். லைனில் இருக்கிறீர்களா என்று குரல் கேட்டது. இல்லை, என்னைப் பேசவிடவில்லை, கையைக் காட்டி நிறுத்தினார்கள் என்றேன். ஓர் அதிகாரியைப் பற்றி இன்னோர் அதிகாரியிடம் நான் சொன்ன முதல் குறை அது.

கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது. நான் சொல்வதைக் கேட்கும்படி டாக்சி அலுவலகத்துக்குப் பரிந்துரைக்கலாம், அதன் பிறகு எடுக்கும் முடிவு அவர்களுடையது என்றார். நீதிமன்றத்தை மறக்க வேண்டாம் என்றும் சொன்னார். அங்கேயும் வழக்குப் பதிந்தேன்.

சில வாரங்களில் டாக்சி அலுவலகம் கூப்பிட்டது. அதே கவுன்டர், அதே பெண். ஆரஞ்சுக் கூம்புகளில் தொடங்கினேன். நான் முடிக்கும்வரை அவர் கையை உயர்த்தவில்லை.

பதில் இன்னும் வரவில்லை. பகலில் கார் அண்ணையின் வீட்டு முன்னால் சும்மா நிற்கிறது.