பாகூர் ஏரிக்கரையில் எனக்குக் கிடைத்த தெம்பு

கல்யாணமான மறு வருஷமே என் வீட்டுக்காரர், அப்போது எங்கள் ஊரை ஆண்ட பிரெஞ்சுக்காரரின் பட்டாளத்தில் சேர்ந்து சைகோனுக்குக் கப்பலேறினார். முதலில் கடிதம் வந்துகொண்டிருந்தது. ஜப்பான்காரன் அங்கே நுழைந்த பிறகு அதுவும் நின்றது. கப்பலும் இல்லை, தகவலும் இல்லை. ஓர் ஆவணியில், அவர் செத்துவிட்டதாக யாரோ சொல்லிவிட்டுப் போனார்கள். மெய்யா பொய்யா என்று விசாரிக்க வழியில்லை.

நான் பாயை விட்டு எழவில்லை. சோறு இறங்கவில்லை. "எல்லையம்மா, அவரக் காப்பாத்து. இல்லாட்டி என்னையும் எடுத்துக்கோ" என்று எங்கள் ஊர் அம்மனிடம் அழுததுதான் என் பிரார்த்தனை.

ஐப்பசி மழை விட்ட ஒரு காலையில் என் ஓரகத்தி செங்கேணி வந்து நின்றாள்.

"வூட்டுக்குள்ள படுத்துனு இன்னாடி பண்ணப் போற? நடவுக்கு ஆள் பத்தல. ஏந்திரு."

வேண்டாவெறுப்பாகப் போனேன். எங்கள் வயல் பாகூர் ஏரிக்குக் கீழே. ஏரி தளும்பிக்கொண்டிருந்தது. சேற்றில் கால் வைத்ததும் உடம்பெல்லாம் குளிர்ந்தது. மதகடியில் நின்ற நாரை ஒன்று, பிடித்த மீனை நழுவவிட்டுத் திருதிருவென்று விழித்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. செங்கேணி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அன்று மத்தியானம் வயிறாரக் கூழ் குடித்தேன்.

அம்மன் எனக்குத் தந்த முதல் பதில் அதுதான். பிறகு தினமும் விடிந்ததும் ஏரிக்கரைக்குப் போய்த் தண்ணீரைப் பார்த்தபடி அவருக்காக வேண்டுவேன். பயம் போய்விடவில்லை. ஆனால் அந்தப் பயத்தோடு எழுந்து நடமாட முடிந்தது. பாடவும் ஆரம்பித்தேன்.

சண்டை ஓய்ந்த மறு வருஷம். அதே நடவு நேரம். ஒல்லியாக ஓர் ஆள் எங்கள் வயலுக்குள் இறங்கி வந்தார்.

"யாருய்யா அது? வரப்பு இருக்க, நாத்த மிதிச்சுனு வர்றியே" என்று சத்தம் போட்டேன்.

"என் நெலத்துல நடக்க உன்னக் கேக்கணுமாடி?"

அந்தக் குரல் போதும் எனக்கு. சேற்றுக் கையோடு ஓடி அவர் முகத்தைப் பிடித்துப் பார்த்தேன். ஜப்பான்காரன் சிறையில் கிடந்து இளைத்திருந்தார். ஆனால் உயிரோடு இருந்தார். முகமெல்லாம் சேறாகி நின்ற அவரைப் பார்த்து வயலே சிரித்தது. சேறும் ஈரமுமாகவே இருவரும் அம்மன் கோயிலுக்குப் போய் விழுந்து கும்பிட்டோம்.

இன்று எங்களுக்கு இரண்டு பெண் குழந்தைகள். அம்மனை நான் மறந்த நாள் இல்லை.

உங்கள் வீட்டிலும் யாராவது தூரத்தில் இருக்கலாம். மனதில் உள்ளதை அம்மனிடம் சொல்லுங்கள். சொன்ன பிறகு கதவைத் திறந்து கொஞ்சம் வெளியே வாருங்கள். அவள் அங்கேயும் இருக்கிறாள்.