ஜனவரியில் வெட்டிய பிளம் மரம்

எங்கள் பின்வளவில் நின்ற பிளம் மரத்தைக் கொன்றது என் கணவரின் அண்ணன். அவர் அதில் மரம் அறுக்கிற வாளை வைத்து மூன்று வருடத்துக்கு மேலாகிறது. இன்றைக்கும் இதைச் சொல்லத் தொடங்கினால் என் குரல் உயர்ந்துவிடும். ஒரு மரத்துக்கு இவ்வளவு கோபமா என்று கேட்பவர்களோடு நான் அதற்குமேல் கதைப்பதில்லை.

அது பழத்துக்கு வைக்கிற பிளம் அல்ல, பூவுக்கு வைப்பது. இலை கருஞ்சிவப்பு. குளிர் முழுதாக விடுமுன், மார்ச் தொடக்கத்தில், மொட்டைக் கொப்பெல்லாம் இளஞ்சிவப்பாகப் பூத்துவிடும். நோர்பரியில் இந்த வீட்டுக்கு வந்த வருடம், என் இடுப்பளவு கன்றாக வாங்கி, களிமண்ணை நானே கிண்டி வைத்தேன். கன்று விற்ற பெண் ஒரு விஷயத்தை இரண்டு தரம் சொன்னாள். கொப்பு வெட்டுவதென்றால் கோடையில் வெட்டு, குளிர்காலத்தில் தொடாதே, ஈரக் காற்றில் திரிகிற பூஞ்சணம் வெட்டுக் காயத்துக்குள்ளால் போய் மரத்தைத் தின்றுவிடும். பதினொரு வருடம் நான் அந்தச் சொல்லை மீறவில்லை. ஜூலையில் காய்ந்த நாளாகப் பார்த்து, குறுக்கே வளர்ந்த இரண்டு மூன்று கொப்பை மட்டும் எடுப்பேன்.

கணவரின் அண்ணனை நான் அத்தான் என்று கூப்பிடுவேன். இந்த நாட்டுக்கு முதலில் வந்தவர் அவர். நாங்கள் வந்து இரண்டு வருடம் ரெய்னர்ஸ் லேனில் அவருடைய வீட்டில்தான் இருந்தோம். அந்த இரண்டு வருடத்துக்காக, எங்கள் வீட்டில் எதையும் தீர்மானிக்கிற உரிமை அவருக்கு வந்துவிட்டது. சமைக்கிற குசினியின் அலுமாரி நிறம், மகள் படிக்கவேண்டிய பாடம், எல்லாம் அவர் சொல்வதுதான்.

அந்த ஜனவரியில் ஒருநாள் ஜன்னலால் பார்த்துவிட்டுச் சொன்னார். "பூத்து என்ன, ஒரு காயுமில்லை. வெளிச்சத்தையும் மறைக்குது. ஒட்ட வெட்டிவிட வேணும்."

"இப்ப வெட்டக்கூடாது அத்தான். ஜூலையில நானே வெட்டுறன்."

"மரம் வெட்டவும் நாள் பாக்கிறியோ," என்று சிரித்தார். என் கணவரும் சேர்ந்து சிரித்தார்.

அடுத்த சனிக்கிழமை எனக்கு ஆஸ்பத்திரியில் ஷிப்ட். பின்னேரம் வீட்டுக்கு வந்தபோது, மரம் நாலு கட்டைக் கையோடு நின்றது. கொப்புகள் குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் கட்டிக் கிடந்தன. கணவர் தலைமயிரில் மரத்தூளோடு கை கழுவிக்கொண்டிருந்தார்.

"அண்ணை வந்தவர்," என்றார்.

"நீங்கள் என்ன செய்தனீங்கள்?"

"நான் ஏணியைப் பிடிச்சனான்."

"வெட்டவேண்டாம் எண்டு சொல்லேல்லையோ?"

"அண்ணைக்கு எப்பிடிச் சொல்லுறது?"

வெட்டியவரைவிட ஏணி பிடித்தவரில்தான் எனக்குக் கோபம் கூடுதலாக வந்தது. அன்றைக்கு நான் சமைக்கவில்லை.

அந்த வசந்தத்தில் பூ இல்லை. அதற்கடுத்த கோடையில் ஒரு கொப்பின் இலைகள் சிவப்பு மங்கி, சாம்பல் பூசியதுபோல் மினுங்கின. வெட்டிப் பார்த்தேன். உள்ளே நடுமரம் மண்ணிறமாகக் கறுத்திருந்தது. கறை முடிகிற இடம் தேடி வெட்டிக்கொண்டே போனேன். அது அடிமரம் வரைக்கும் போயிருந்தது. போன கோடையில் மரம் முழுதாகப் பட்டுப்போக, ஆள் பிடித்து அடியோடு எடுப்பித்தேன்.

அந்த மாதமே அத்தான் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு வந்தார். வெறும் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அது தொடக்கத்திலேயே வருத்தக்கார மரம், நோய் பிடிச்சது. அதிலை ஒரு ஆப்பிள் வையுங்கோ."

கையில் இருந்த அகப்பையைக் கீழே வைத்தேன்.

"மரத்திலை ஒரு வருத்தமும் இருக்கேல்லை அத்தான். நீங்கள் வெட்டினதாலை செத்தது. வேண்டாம் எண்டு சொன்னனான். நான் இல்லாத நாள் பாத்து வந்து வெட்டினீங்கள்."

"ஒரு மரத்துக்காக என்னோட இப்பிடிக் கதைக்கிறியோ?"

"ஓம்."

பாதிச் சோற்றில் எழும்பிக் கை கழுவினார். காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

"போன் எடுத்து ஒரு சொல்லுச் சொல்லு," என்றார் கணவர். "எங்களுக்குச் சோறு போட்ட மனுசன்."

"அந்தச் சோத்துக்கு இருபது வருசமா நன்றி சொல்லியாச்சு. மரத்துக்கு நீங்கள் ரெண்டு பேரும் இன்னும் ஒண்டும் சொல்லேல்லை."

நான் போன் எடுக்கவில்லை. அத்தான் அதற்குப் பிறகு வரவுமில்லை. கணவர் தனியாகப் போய் அவரைப் பார்த்துவிட்டு வருவார். என்ன கதைத்தார்கள் என்று நான் கேட்பதில்லை.

நவம்பரில் பழைய இடத்தைவிட்டுத் தள்ளிக் குழி வெட்டி, அதே இனத்தில் இன்னொரு கன்று வைத்தேன். கணவர் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வெளியே வந்து, குழிக்குப் பக்கத்தில் நின்றார்.

"அண்டைக்கு நான் தடுத்திருக்க வேணும்," என்றார், குழியைப் பார்த்தபடி.

"ஓம், தடுத்திருக்க வேணும்," என்றேன். அதற்குமேல் அவருக்கு அதை இலகுவாக்கிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. மண்ணைக் காலால் மிதித்து இறுக்கினேன்.